நிலவுக்குப் போகாதவற்றையும் காட்சிக்கு வையுங்கள்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கும், சந்திரயான் பணிகளில் பங்குகொண்ட மையங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சந்திரயான்-3 தொடர்பாக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு நிலவில் இறங்கிய விக்ரம் என்ற தரையிறங்கு கலம் (லேண்டர்) அங்கேயேதான் நிற்கிறது. அதிலிருந்து இறங்கி ஓடிய, 26 கிலோ எடையுள்ள பிரக்யான் என்ற வண்டியும் அதன் பக்கத்திலேயே நின்றுவிட்டது. எந்த அருங்காட்சியகத்துக்கும் அவை வரப்போவதில்லை. ஆனால் அவை பத்திரமாக இறங்க வேண்டும் என்பதற்காக இங்கே பூமியில் கீழே போட்டும், கிரேனில் தொங்கவிட்டும், ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும் பார்த்த பொருட்கள் இருக்கின்றன. சோதனைக் கால்கள், சோதனைச் சக்கரங்கள், லேண்டரின் சோதனை வடிவங்கள், அவை இறங்கிப் பழகிய மண் என எல்லாவற்றையும் சொல்கிறேன். வேலை முடிந்தது என்று அவற்றில் ஒன்றைக்கூடக் கழித்துக் கட்டிவிடாதீர்கள். பாதுகாத்து, பட்டியலிட்டு, மக்கள் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் வருகிறது. அதையொட்டி ஸ்ரீஹரிகோட்டா, மகேந்திரகிரி மையங்களிலிருந்து உங்கள் ஆட்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு வந்து கண்காட்சி போடுகிறார்கள். பக்கத்துப் பள்ளிகளிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். பொறியாளர்கள் தொண்டை கட்டும்வரை நின்று விளக்குவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலைத் தொடர முடியாது. ஆனால் அங்கே மேசைமேல் இருப்பவை பளபளக்கும் சிறு மாதிரிகள். பிஎஸ்எல்வி, எல்விஎம்-3 ராக்கெட்டுகள், தங்க நிறத் தாள் சுற்றிய ஒரு லேண்டர். பிள்ளைகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இது நெசமானதுங்களா?" இல்லை என்றதும் அவர்கள் முகம் மாறுவதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாதிரிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு ராக்கெட் எத்தனை அடுக்கு, எது எங்கே பிரிகிறது என்று காட்ட மாதிரியைவிட நல்ல கருவி இல்லை. ஆனாலும், உழைத்துத் தேய்ந்த பொருளின் முன்னால் ஒரு பிள்ளை நிற்கும் விதமே வேறு.

நிலவில் இறங்கிய பொருள் கையில் இல்லாதபோது எதைக் காட்டுவது என்று கேட்கலாம். அமெரிக்கர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அப்பல்லோ பயணங்களில் நிலவில் இறங்கிய லேண்டர்கள் ஆறு. ஆறின் கீழ்ப்பாதியும் நிலவிலேயே நிற்கின்றன. மேல்பாதிகள் வீரர்களைத் தாய்க்கலத்தில் சேர்த்த பிறகு கைவிடப்பட்டன. 110 மீட்டர் உயர ராக்கெட்டாகக் கிளம்பிய அப்பல்லோ 11இல் பூமிக்குத் திரும்பியது உச்சியிலிருந்த கொலம்பியா என்ற சிறு கூம்பு மட்டும்தான். அப்படியிருந்தும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான் விண்வெளி அருங்காட்சியகத்தில் ஓர் அப்பல்லோ லேண்டர் நான்கு கால்களோடு நிற்கிறது. அதன் பெயர் எல்எம்-2. நிலவை விடுங்கள், அது விண்வெளிக்கே போனதில்லை. 1968 ஜனவரியில் அப்பல்லோ 5 பயணத்தில் ஆளில்லாமல் போன எல்எம்-1 நன்றாக வேலை செய்துவிட்டது. ஆகவே இன்னொரு ஆளில்லாச் சோதனைக்கென்று கட்டிய எல்எம்-2 தேவைப்படவில்லை. தரையில் மோதும் அதிர்ச்சியை உள்ளிருக்கும் கருவிகள் தாங்குமா என்று அறிய அதை மேலிருந்து போட்டுப் பார்த்தார்கள். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்குவதற்கு முன், அவர்களுக்காக அடி வாங்கிய கலம் அது. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்கு அதன் மேல்பாதி போய்வந்தது. இன்றுவரை உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மிடம் இருப்பதும் இத்தகைய பொருட்கள்தான்.

கொலம்பியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த பாடமாக அது ஆகிவிட்டது. 2016இல் ஸ்மித்சோனியன் அந்தக் கலத்தின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தது. பல பத்தாண்டுகளாக யாரும் நுழையாத அந்தச் சிறு அறையின் சுவர்களில் பென்சிலிலும் பேனாவிலும் எழுதிய எழுத்துகள் தெரிந்தன. அவசரமாகக் குறித்த எண்கள். நாட்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்ட கையால் வரைந்த நாட்காட்டி. ஒரு பெட்டியின்மேல் 'நாற்றமடிக்கும் கழிவு' என்ற எச்சரிக்கை. அந்தக் கலத்தை ஓட்டிய மைக்கேல் காலின்ஸ் பூமிக்குத் திரும்பியபின் அதற்குள் எழுதிவைத்த பாராட்டு வரிகளும் அங்கேயே இருக்கின்றன. யாராவது அந்தக் கலத்தைக் காட்சிக்காகத் துடைத்து, புதுச்சாயம் பூசிப் பளபளப்பாக்கியிருந்தால் இவையெல்லாம் போயிருக்கும். ஆம்ஸ்ட்ராங்கின் உடையிலும் அப்படித்தான். அதன் ரப்பர் பகுதிகள் இற்றுப்போகத் தொடங்கியதால் 2006இல் அதைக் காட்சியிலிருந்து எடுத்து, குளிர்ந்த அறையில் படுக்கவைத்தார்கள். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிப் பல ஆண்டு பாடுபட்டு, 2019 ஜூலை 16 அன்று, அப்பல்லோ 11 கிளம்பிய நாளின் ஐம்பதாம் ஆண்டில், மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். அதில் ஒட்டியிருந்த நிலவுத் தூசியை அவர்கள் துடைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் இருக்கும் சோதனைக் காலில் மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். கீறல், நெளிவு, யாரோ ஒரு டெக்னீஷியன் மார்க்கர் பேனாவில் எழுதிய எண் என எதையும் அழிக்க வேண்டாம்.

இப்போதே ஏன் கேட்கிறேன் என்றால், கைவிட்டுப் போனவற்றின் கதையும் எனக்குத் தெரியும். நாசா தனக்கு இனித் தேவைப்படாத, வரலாற்று மதிப்புள்ள பொருட்களை முதலில் ஸ்மித்சோனியனுக்குத் தர வேண்டும் என்று 1967இலேயே, மனிதன் நிலவில் இறங்குவதற்கு முன்பே, இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டுவிட்டன. அத்தனை முன்யோசனை உள்ளவர்களே கோட்டைவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்த காட்சி முதலில் பதிவான காந்த நாடாக்களை, நாடாத் தட்டுப்பாடு வந்தபோது அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டதாகத் தெரிகிறது என்று 2009இல் நாசாவே அறிவித்தது. நாம் இன்று பார்ப்பது தொலைக்காட்சிக்கென்று மாற்றிய, தெளிவு குறைந்த படம். இன்னொன்று: அப்பல்லோ 11இல் நிலவு மண்ணைக் கொண்டுவந்த பை ஒன்று, பதிவேட்டில் நேர்ந்த குழப்பத்தால் அரசு ஏலத்தில் 995 டாலருக்கு 2015இல் விற்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே பை 18 லட்சம் டாலருக்குப் போனது. ஆம்ஸ்ட்ராங் 2012இல் இறந்த பிறகு அவர் வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிப்பை கிடைத்தது. தரையிறங்கும் காட்சியைப் படம்பிடித்த கேமரா அதற்குள் இருந்தது. நல்ல வேளையாக அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இவற்றில் எதிலும் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் பொருளை அழிக்கவில்லை. நாடா தேவைப்பட்டது, எண் மாறிப்போனது, அவ்வளவுதான். பெரிய அலுவலகம் எதிலும் நடக்கக்கூடியது. நாளை உங்கள் கிடங்கில் இடம் தேவைப்படும். அடுத்த திட்டத்துக்காக ஒரு கூடத்தைக் காலி செய்வீர்கள். அந்த நாளில் அங்கே நிற்கும் இளம் அலுவலர் கையில் "இது வெளியே போகக்கூடாது" என்று ஓர் எழுத்துபூர்வமான விதி இருக்க வேண்டும்.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு கிராமங்கள். அங்கே வெளுத்த நிறத்தில் ஒரு பாறை கிடைக்கிறது. அனார்த்தசைட் என்று பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை அதற்கு. பூமியில் இது எங்கும் எளிதாகக் கிடைக்கும் பாறையல்ல. ஆனால் நிலவில் நாம் வெண்மையாகப் பார்க்கும் மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த வகைப் பாறையால் ஆனது. ஆகவே சந்திரயான்-2க்காக நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று நீங்கள் தேடியபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு இங்கே வந்தீர்கள். திருச்செங்கோட்டுக் கிரஷர்களில் பாறை பொடியானது. லாரி ஏறி பெங்களூருக்குப் போனது. 2012 தொடங்கிச் சுமார் 50 டன் போனதாகப் பல்கலைக்கழகப் பேராசிரியரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து நிலவு மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020 மே மாதம் உங்களுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. காற்றும் நீரும் தொடாத அந்தத் தூள் நம் வயல் மண் மாதிரி நடந்துகொள்ளாது. கால் எவ்வளவு புதையும், சக்கரம் எங்கே வழுக்கும் என்று தெரியாமல் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டியை இறக்க முடியாது என்பது சிறு பிள்ளைக்குக்கூடப் புரியும். அதனால்தான் விக்ரமின் கால்களை இந்த மண்ணைப் பரப்பிய தளத்தில் இறக்கிப் பார்த்தீர்கள். பிரக்யானின் சக்கரங்கள் முதலில் உருண்டதும் இதன்மேல்தான். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. நிலவின் தென்துருவப் பகுதியில் சுமார் 100 மீட்டர் ஓடிய பிரக்யான், அங்கே மண்ணை ஆராய்ந்து அனுப்பிய தகவல் 2024 ஆகஸ்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அங்கே இருப்பது பெரும்பாலும் அனார்த்தசைட் வகைப் பாறையின் துகள், நிலவு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது என்று அந்தக் கட்டுரை சொன்னது.

இதை வகுப்பில் சொன்னபோது சித்தம்பூண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நம்மூர்க் கல்லு இப்ப எங்கீங்க சார் இருக்குது? போய்ப் பாக்கலாங்களா?"

அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். சென்னைக் கோட்டூர்புரத்தில் கோளரங்கம் இருக்கிறது. சேலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் உங்கள் புதிய ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கே வைத்தாலும் சரி. ஒரு கூடத்தில் அந்த மண்ணை ஒரு தளமாகப் பரப்புங்கள். அதில் சோதனைக் கால் ஒன்று புதைந்து நிற்கட்டும். பக்கத்தில் பிரக்யானின் சோதனை வண்டி ஓடிய தடம். கூடத்தின் வாசலில் சித்தம்பூண்டிப் பாறைத் துண்டு ஒன்று, யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கும்படி. ஸ்மித்சோனியனில் அப்பல்லோ 17 கொண்டுவந்த நிலவுக் கல் ஒன்றை 1976இலிருந்து பார்வையாளர்கள் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லட்சக்கணக்கான விரல் பட்டு அது வழவழப்பாகிவிட்டது. எங்கள் கல்லும் அப்படி வழவழப்பாகட்டும்.

2019ஐயும் அந்தக் கூடத்தில் வைக்க வேண்டும். இதைச் சொல்லத் தயங்கவில்லை. செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் நிலவில் மோதி உடைந்தது. ஐந்து எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகிப் பிழைகள் சேர்ந்துகொண்டே போனதையும், கலம் விரைவாகத் திரும்ப வேண்டிய நேரத்தில் மென்பொருள் அதன் வேகத்துக்கு வைத்திருந்த வரம்பையும், இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகியிருந்ததையும் 2023இல் உங்கள் தலைவராக இருந்த சோமநாத் வெளிப்படையாக விளக்கினார். நான் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய செய்திகளிலேயே சிறந்தது அதுதான். எதெது தவறலாம் என்று முதலில் பட்டியலிட்டு, அதிலிருந்து சந்திரயான்-3ஐ வடிவமைத்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்களை வலுவாக்கினார்கள். முன்பு இந்த அளவு 2 மீட்டர். இந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தை எந்தப் பளபள மாதிரியும் காட்டாது. பழைய காலையும் புதிய காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

தோல்வியைக் காட்சிக்கு வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில் தீப்பிடித்து கிரிசம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். உள்ளிருந்து அவர்களால் திறக்க முடியாமல்போன அந்தக் கதவை நாசா மக்கள் பார்வைக்கு வைக்க 50 ஆண்டு ஆனது. அது உயிர்கள் போன துயரம். நமக்கு நேர்ந்தது அந்த அளவுக்கு இல்லை. அன்று இரவு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகும்வரை காத்திருக்க வேண்டாம். சிதறிய விக்ரமின் துண்டை நாசாவின் நிலவுப் படங்களில் புள்ளி புள்ளியாகத் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலைபார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். 2019 டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லி அதை உறுதிசெய்தது. அவர் உங்கள் ஊழியர் அல்ல, நாசா ஊழியரும் அல்ல. கணினியும் பொறுமையும் மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு குடிமகன் செய்த வேலை. விக்ரம் மோதுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த இரண்டு படங்களும் அந்தக் கூடத்தின் சுவரில் இருக்க வேண்டும்.

விளக்கப் பலகைகள் பற்றியும் ஒரு வேண்டுகோள். எது நிலவுக்குப் போனதன் அச்சான இரட்டை, எது சோதனைப் பொருள், எது பார்வைக்காகச் செய்த மாதிரி என்று ஒவ்வொன்றிலும் தெளிவாக எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கும் படமே சாட்சி. 1981இல் எடுத்த அந்தப் படத்தை இன்றும் பலர் நம் ஏழ்மையின் படமாகப் பகிர்கிறார்கள். ஆன்டெனாச் சோதனையில் உலோகம் குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே மரத்தாலான மாட்டுவண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரிந்தால் அதே படம் பொறியியல் பாடமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. எஞ்சின்களின் உட்பகுதி, வழிகாட்டும் கருவிகள் போன்றவற்றில் வெளியே தெரியக்கூடாத நுட்பங்கள் இருக்கும். அவற்றை மூடியே வையுங்கள். ஆனால் பாதுகாத்து வையுங்கள். காலும் சக்கரமும் மண்ணும் யாருக்கும் ரகசியமல்ல. பஸ் கட்டணம் கொடுத்து அத்தனை தூரம் வரமுடியாத பள்ளிகளுக்காக அவற்றை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து பொதுவில் வெளியிடுங்கள். கொலம்பியாவின் ஸ்கேன் அப்படி வெளியானதால்தான் எங்கள் ஹைடெக் லேப் திரையில் அதன் உள்ளே பிள்ளைகள் சுற்றிப்பார்க்க முடிகிறது. அமெரிக்கக் கலத்தின் உட்புறம் தெரிந்த அளவுக்கு, தங்கள் பாறைமேல் நின்று பழகிய லேண்டரை அவர்களுக்குத் தெரியவில்லை.

சந்திரயான்-4க்கு 2,104.06 கோடி ரூபாய் ஒதுக்கி ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்திருக்கிறது. நிலவு மண்ணை எடுத்துவரப்போகும் திட்டம் அது. அந்த மண் வந்து சேரும் நாளில் அதை மக்களுக்குக் காட்ட ஓர் இடம் தேவைப்படும். அப்போது அவசரமாக ஒரு கூடம் தேடுவதைவிட, இப்போதே தொடங்கலாம். சந்திரயான்-4க்கான சோதனைப் பொருட்கள் செய்யப்படும்போதே அவை கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிடலாம்.

சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அந்தப் பாறை எங்கே வெட்டப்பட்டது, எந்தக் கிரஷரில் பொடியானது, யார் லாரி ஓட்டினார்கள் என்பதை அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுப் பதிவுசெய்யும் வேலையை எங்கள் மாணவர்கள் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். அதற்குப் படிவம் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். உங்கள் தரப்பிலிருந்து வழிகாட்ட ஒரு பொறியாளரையோ புவியியலாளரையோ அனுப்பினால் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுவோம். பதிவுகள் முடிந்ததும் அந்தக் கூடத்துக்கே கொடுத்துவிடுகிறோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கி,
நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர்